கித்தாவுக்குப் போட்ட பூட்டு: 1922க்குப் பின் சிங்கப்பூர்த் துறைமுகம்

கேட்கப்பட்ட கேள்வி இது: "1922இல் பிரிட்டிஷ் அரசு மலாயா ரப்பர் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. சரக்கு குறைந்தால் துறைமுகத்துக்கு நஷ்டம்தானே? ஆனால் அந்த ஆண்டுகளில்தான் சிங்கப்பூர் செழித்தது என்றும் படிக்கிறோம். எது சரி? அங்கே பால் வெட்டப் போன நம் ஆட்களுக்கு இதனால் என்ன ஆனது?"

முதல் பாதிக்குப் பதில், இரண்டும் சரி. கட்டுப்பாடு இருந்த ஆறு ஆண்டுகளில் சிங்கப்பூர்த் துறைமுகம் தேயவில்லை. மலாயா ரப்பர் (அங்கே போன நம் ஆட்கள் சொல்லில் 'கித்தா') குறைந்த இடத்தில் பக்கத்துத் தீவுகளின் ரப்பர் வந்து நிறைந்தது. அதற்கான விலை பிறகுதான் தெரிந்தது. அதைக் கொடுத்தவர்களும் வேறு ஆட்கள். இரண்டாம் பாதிக்குப் பதில் நாகப்பட்டினம் வரை நீள்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சிங்கப்பூர் எப்படிப்பட்ட துறைமுகம் என்பதைப் பார்க்க வேண்டும். 1819இல் தொடங்கியதிலிருந்தே அது சுங்கம் இல்லாத துறைமுகம். மது, அபின், புகையிலை போன்ற சிலவற்றைத் தவிர, வருகிற சரக்குக்கும் போகிற சரக்குக்கும் வரி கிடையாது. தீவில் விளைந்தது மிகக் குறைவு. சுமத்ரா, போர்னியோ, ஜாவா, மலாயா என்று சுற்றியிருந்த நிலமெல்லாம் தன் மிளகையும் பிரம்பையும் வெள்ளீயத்தையும் அங்கே கொண்டுவந்து இறக்கும். அங்கே தரம் பிரித்து, கட்டி, பெரிய கப்பலில் ஏற்றுவார்கள். அரிசியும் துணியும் எதிர்த்திசையில் போகும். இந்த இடைத்தரகு வேலையில்தான் ஊர் பிழைத்தது. இப்படிப்பட்ட ஊருக்கு ஒரு சரக்கின் விலையைவிட முக்கியமானது, அந்தச் சரக்கு தன் வழியாகப் போகிறதா என்பதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

ரப்பர் அங்கே புதுச் சரக்கு. 1877இல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து இலங்கை வழியாக 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் தினமும் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். 1896இல் மலாக்காவில் டான் சே யான் என்ற சீன வணிகர் தோட்டமாகவே நட்டார். அப்புறம் மோட்டார் கார் வந்தது. 1910இல் லண்டனில் ஒரு ராத்தல் (ஏறத்தாழ 450 கிராம்) ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் போனது (ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ்). காடாக இருந்த நிலமெல்லாம் கித்தாத் தோட்டமானது. 1911இல் சிங்கப்பூரில் வணிகர் சபையின் ரப்பர் சங்கம் உருவாகி, அங்கேயே ஏலமும் தொடங்கியது. அதுவரை லண்டனில் ரப்பர் வணிகம் நடந்த மின்சிங் லேனுக்குப் போய்த்தான் விலை கேட்க வேண்டும். இப்போது சிங்கப்பூருக்கென்று ஒரு சந்தை.

முதல் உலகப்போர் முடிந்ததும் இரண்டு ஆண்டு வேகம். பிறகு 1920இல் அமெரிக்காவில் தொழில் மந்தம். உலகத்தின் ரப்பரில் ஏறத்தாழ 70 சதவீதத்தை வாங்குகிற நாடு அது. இரண்டு ஷில்லிங்குக்கு மேல் இருந்த ராத்தல் விலை 1921-22இல் 8 பென்சுக்கும் கீழே இறங்கியது. பல தோட்டங்களுக்கு உற்பத்திச் செலவே அதைவிட அதிகம். லண்டனில் இருந்த தோட்டக் கம்பெனிகளின் சங்கம் தன் உறுப்பினர்களிடம், நீங்களாகவே உற்பத்தியைக் கால்வாசி குறையுங்கள் என்று சொல்லிப் பார்த்தது. உறுப்பினர் அல்லாதவர்கள் வெட்டிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அரசிடம் போனார்கள். அப்போது குடியேற்ற நாடுகளின் அமைச்சராக இருந்தவர் வின்ஸ்டன் சர்ச்சில். அவர் சர் ஜேம்ஸ் ஸ்டீவன்சன் தலைமையில் ஒரு குழுவை நியமித்தார். அமெரிக்காவுக்குப் போர்க்கடன் பாக்கி வைத்திருந்த பிரிட்டனுக்கு, ரப்பர் விலை ஏறினால் டாலர் வரும் என்ற கணக்கும் இதற்குள் இருந்தது.

அப்படி வந்ததுதான் ஸ்டீவன்சன் திட்டம். 1922 நவம்பர் 1 முதல் மலாயாவிலும் இலங்கையிலும் நடைமுறைக்கு வந்தது. வேலை செய்யும் விதம் இப்படி. ஒவ்வொரு தோட்டத்துக்கும், 1919 நவம்பர் முதல் 1920 அக்டோபர் வரை எவ்வளவு உற்பத்தி செய்தது என்று பார்த்து, அதை 'நிலையான உற்பத்தி' என்று குறித்துக்கொள்வார்கள். அதில் இத்தனை சதவீதம் ஏற்றுமதி செய்யலாம் என்று ஒரு கோட்டா. தொடக்கத்தில் 60 சதவீதம். அதற்குரிய கூப்பனை அரசு கொடுக்கும். கோட்டாவுக்குள் அனுப்பினால் சிறிய வரி. தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டும் வரி என்று விடமாட்டார்கள், அனுப்பிய மொத்தத்துக்கும் கூடுதல் வரி விழும். ஆக அது பெயருக்குத்தான் வரி, நடைமுறையில் தடை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை லண்டன் சராசரி விலையைப் பார்ப்பார்கள். விலை ராத்தலுக்கு ஒரு ஷில்லிங் 3 பென்சுக்கு மேல் நின்றால் கோட்டாவைக் கொஞ்சம் கூட்டுவார்கள். கீழே போனால் குறைப்பார்கள்.

காகிதத்தில் அழகான திட்டம். ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை. உலகத்தின் மூன்றாவது பெரிய உற்பத்தியாளர் என்ன, இரண்டாவது பெரிய உற்பத்தியாளரே அதில் சேரவில்லை. டச்சு இந்தியத் தீவுகள், அதாவது இன்றைய இந்தோனேசியா, அப்போது உலக ரப்பரில் ஏறத்தாழ கால்பங்கு கொடுத்துக்கொண்டிருந்தது. டச்சு அரசு மறுத்துவிட்டது. சுமத்ரா, போர்னியோ காட்டுக்குள் நெல்லோடு கலந்து பால்மரம் வைத்திருக்கும் லட்சக்கணக்கான குடியானவர்களைக் கணக்கெடுத்து, ஒவ்வொருவருக்கும் கோட்டா கொடுப்பது நடக்கிற காரியம் இல்லை என்றார்கள். தங்கள் தீவுகளுக்கு இதனால் கிடைக்கப்போகும் லாபமும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். சந்தையில் ஒரு கடைக்காரர் விலை ஏற்ற வேண்டி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். பக்கத்துக் கடைக்காரர் அதே விலைக்கு முழுக் கடையையும் திறந்து வைத்திருந்தார். நிலைமை அதுதான்.

இப்போது சிங்கப்பூர்த் துறைமுகத்துக்கு வருவோம். அங்கே ஒரே கரையில் இரண்டு வகை ரப்பர் வந்து இறங்கியது. ஜொகூரிலிருந்தும் மற்ற மலாய் மாநிலங்களிலிருந்தும் வரும் ரப்பர் கட்டுப்பாட்டுக்குள் இருந்தது. 1923இல் ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலம் திறந்த பிறகு அது ரயிலிலேயே தீவுக்குள் வந்தது. சுமத்ராவின் பலெம்பாங், ஜம்பி, போர்னியோவின் பொந்தியானாக், பஞ்சர்மாசின் பக்கமிருந்து சிறு நீராவிக் கப்பல்களிலும் தொங்கான் என்ற சரக்குப் படகுகளிலும் வரும் ரப்பருக்குக் கட்டுப்பாடு இல்லை. அது டச்சு மண்ணில் விளைந்தது. சிங்கப்பூர் அதற்கு வெறும் வழி.

அந்தத் தீவு ரப்பர் எந்த நிலையில் வரும் என்பதும் முக்கியம். காட்டுக் குடியானவரிடம் ரோலரும் கிடையாது, புகைக்கூடமும் கிடையாது. பாலைத் தகர டப்பாவில் உறைய வைத்து, கனத்த ஈரப் பாளமாகக் கொண்டுவருவார்கள். அதில் பட்டைத் தூள், மணல், தண்ணீர் எல்லாம் இருக்கும். மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தண்ணீராகவே இருக்கும். அதைச் சிங்கப்பூர் ஆலைகளில் கிழித்து, கழுவி, உருளைகளில் அழுத்தி, காயவைத்து, ஏற்றுமதித் தரத்துக்குக் கொண்டுவருவார்கள். இந்த ஆலைகள் பெரும்பாலும் சீன முதலாளிகளுடையவை. டான் கா கீ போன்றவர்கள் இந்தத் தொழிலில்தான் பெரிய ஆளானார்கள். ஸ்டீவன்சன் காலத்தில் இந்த ஆலைகளுக்கு ஓய்வே இல்லை. மலாயாத் தோட்டம் 100 ராத்தல் வெட்டக்கூடிய இடத்தில் 60 வெட்டிக்கொண்டிருக்க, தீவு ரப்பர் ஆண்டுக்கு ஆண்டு கூடியது. டச்சு இந்தியத் தீவுகளின் ஏற்றுமதி 1922இல் ஒரு லட்சம் டன்னுக்குச் சற்றுக் குறைவு. 1927இல் அது 2 லட்சத்து 20 ஆயிரம் டன்னைத் தாண்டியது. அதில் குடியானவர் ரப்பரின் பெரும்பகுதி சிங்கப்பூர் வழியாகவே வந்தது. கூலி, கிட்டங்கி வாடகை, கப்பல் கட்டணம், காப்பீடு, கமிஷன் எல்லாமே துறைமுகத்துக்கு. "செழித்தது" என்று நீங்கள் படித்தது இதைத்தான்.

கள்ளக்கடத்தல் இதற்குள் தானாகவே வந்துவிட்டது. சிங்கப்பூரின் தென்கரையில் நின்றால் டச்சுக்காரர்களின் ரியாவ் தீவுகள் கண்ணுக்குத் தெரியும். ஜொகூர்க் கரையிலிருந்தும் இரவோடு இரவாகப் படகில் போய்வந்துவிடலாம். கூப்பன் இல்லாத மலாயா ரப்பரை அங்கே கொண்டுபோய் இறக்கினால் அது டச்சு ரப்பராகிவிடும். அங்கிருந்து மறுபடி சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தால் கேள்வி கேட்க ஆளில்லை. ஒரே பாளம் இரண்டு முறை கடலைத் தாண்டி, வேறு பிறப்பிடத்தோடு திரும்பி வரும். உரிமம், பதிவேடு, ரோந்துப் படகு என்று அரசு பலவும் செய்து பார்த்தது. தடையில்லா வணிகத்துக்கென்றே கட்டப்பட்ட ஊரில் எந்த மூட்டை எங்கே பிறந்தது என்று கண்டுபிடிப்பது லேசான வேலையா?

கூப்பனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் உறுத்துகிற பகுதி இது. ஏற்றுமதி உரிமையை ஒரு காகிதமாக்கிவிட்டால், அந்தக் காகிதமே ஒரு சரக்காகிவிடும். மலாயாவில் கூப்பனை வாங்கி விற்கச் சந்தையே உருவானது. பெரிய தோட்டத்துக்குக் கணக்குப் புத்தகம் உண்டு, கணக்கெழுதும் கிராணி உண்டு, 1920இல் எத்தனை ராத்தல் உற்பத்தி என்று எழுதிக் காட்ட முடியும். இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருந்த மலாய்க் குடியானவருக்கும் சீனச் சிறு விவசாயிக்கும் ஏது புத்தகம்? அவர்களுக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று அதிகாரிகள் ஒரு பொது அளவைப் போட்டார்கள். சிறு நிலத்தில் மரத்தை நெருக்கமாக நடுவார்கள், ஏக்கருக்கு மகசூல் அதிகம். அதிகாரிகள் போட்ட அளவோ குறைவு. அதற்கு மேல் கோட்டா வெட்டு. ஆக, மரம் இருந்தும் பால் இருந்தும், விற்கக் காகிதம் இல்லாமல் நின்றவர்கள் அவர்கள்தான். கூப்பனை வெளியில் விலை கொடுத்து வாங்கி, தங்கள் ரப்பரை விற்றவர்கள் ஒரு பக்கம். மரத்தில் பால் வெட்டாமல், கிடைத்த கூப்பனை மட்டும் விற்றுக் காலம் தள்ளியவர்கள் இன்னொரு பக்கம்.

இங்கே நம் ஊர்க்காரர்களும் வருகிறார்கள். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டிலும் பினாங்கிலும் கிட்டங்கி வைத்திருந்த நாட்டுக்கோட்டை நகரத்தார், சிறு தோட்டக்காரர்களுக்கும் வணிகர்களுக்கும் நிலப்பத்திரத்தின் பேரில் கடன் கொடுத்தவர்கள். ஐரோப்பிய வங்கி எட்டிப் பார்க்காத இடம் அது. ரப்பர் விலை ஏறினால் கடன் ஓடும், இறங்கினால் வட்டி நிற்கும், அப்புறம் நிலம் கைமாறும். 1930களின் மந்தத்தில் நிலம் பெருமளவில் அவர்கள் கைக்கு வந்தது. மலாய்க்காரர் நிலம் வெளியார் கைக்குப் போகிறது என்ற அச்சத்தில் 1933இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டத்தை இறுக்கினார்கள். செட்டியார்கள் நிலத்துக்காகப் போனவர்கள் இல்லை, அவர்களுக்கு வேண்டியது சுற்றி வரும் பணம். விற்க முடியாத தோட்டத்தில் முடங்கிய முதல் அவர்களுக்கும் சுமைதான். ஆனால் நிலத்தை இழந்தவரின் நட்டத்தோடு அதை ஒப்பிட எனக்கு மனம் வரவில்லை.

சரி, விலைக்கு வருவோம். திட்டத்தின் நோக்கம் விலையை ஏற்றுவது. ஏறியதா? முதல் இரண்டு ஆண்டுகள் தள்ளாடியது. 1924 கடைசியில் கோட்டாவை 50 சதவீதம் வரை குறைத்தார்கள். அதே நேரம் அமெரிக்காவில் கார் உற்பத்தி பிய்த்துக்கொண்டு போனது. அகலமான புதுவகை டயரும் வந்தது, அதற்கு ரப்பர் அதிகம் வேண்டும். லண்டன் கிட்டங்கிகளில் இருந்த இருப்பு கரைந்து சில ஆயிரம் டன்னுக்கு வந்துவிட்டது. கோட்டாவோ மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் நகரும், அதுவும் படிப்படியாக. 1925இல் விலை ராத்தலுக்கு நாலரை ஷில்லிங்கைத் தாண்டியது. நியூயார்க்கில் ஒரு டாலர் 20 சென்டுக்கும் மேல். திட்டம் குறிவைத்த ஒரு ஷில்லிங் 3 பென்சை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1926 பிப்ரவரியில்தான் கோட்டா 100 சதவீதத்துக்கு வந்தது. அதற்குள் வாங்குகிறவர்கள் வேறு வழி தேடப் புறப்பட்டுவிட்டார்கள்.

அமெரிக்க வர்த்தக அமைச்சர் ஹெர்பர்ட் ஹூவர் இதை அரசியல் போராட்டமாகவே ஆக்கினார். டயரைக் கவனமாக ஓட்டுங்கள், பழைய ரப்பரை உருக்கித் திரும்பப் பயன்படுத்துங்கள் என்று பிரசாரம் நடந்தது. அது வெறும் பேச்சாகப் போகவில்லை. 1920களின் கடைசியில் அமெரிக்கா பயன்படுத்திய புது ரப்பரின் எடையில் ஏறத்தாழ பாதியளவுக்குப் பழைய ரப்பரை மீட்டுப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். டயர் முதலாளி ஹார்வி ஃபயர்ஸ்டோன் 1926இல் லைபீரியாவில் 10 லட்சம் ஏக்கர் வரை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார். கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு அமேசான் காட்டில் தபஜோஸ் ஆற்றங்கரையில் ஒரு நகரத்தையே கட்டப் போனார். ஃபோர்டின் முயற்சி இலைநோயில் அழிந்தது, லைபீரியா நிலைத்தது.

ஆனால் மலாயாவின் சந்தையை உண்மையில் எடுத்துக்கொண்டவர்கள் இந்தக் கோடீஸ்வரர்கள் இல்லை. ஜம்பியிலும் போர்னியோவின் ஆற்றங்கரைகளிலும் இருந்த குடியானவர்கள்தான். நெல்லுக்குக் காட்டை எரித்து விதைத்த நிலத்தில், அடுத்த வரிசையில் பால்மரக் கன்றையும் ஊன்றிவிட்டுப் போவார்கள். அதற்கு முதல் கிடையாது, சம்பளம் கிடையாது, துரை கிடையாது. 1925ஆம் ஆண்டு விலையைப் பார்த்தவர்கள் கையில் இருந்த நிலத்திலெல்லாம் நட்டார்கள். 1926-27இல் அந்தத் தீவுகளிலிருந்து மக்காவுக்குப் போன ஹாஜிகள் 50,000 பேருக்கும் மேல். ரப்பர் பணம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். கட்டுப்பாட்டின் பலன் லண்டன் கம்பெனியின் லாபப்பங்கில் தெரிந்ததைவிட அந்தக் கிராமங்களில்தான் தெளிவாகத் தெரிந்தது.

இப்போது நாகப்பட்டினம். மலாயாவுக்குப் போகும் தமிழ்த் தொழிலாளர்களை நாகப்பட்டினத்திலும் சென்னைக்குப் பக்கத்தில் ஆவடியிலும் இருந்த முகாம்களில் சேர்த்து, அங்கிருந்து கப்பல் ஏற்றுவார்கள். பினாங்கில் இறங்கியதும் பலருக்கு ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவல். அப்புறம் தோட்டம். 1923இல், கோட்டா இறுக்கமாக இருந்தபோது, தென்னிந்தியாவிலிருந்து மலாயா போய் இறங்கியவர்கள் ஏறத்தாழ 50,000 பேர். 1926இல், கோட்டா 100 சதவீதம் ஆனபோது, ஒரு லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல். மூன்றே ஆண்டில் மூன்று மடங்கு. லண்டனில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சதவீதக் கணக்கை மாற்றுவார்கள். அதைப் பார்த்துத் தோட்டத்துரை ஆள் கேட்பார், ஆள் சேர்க்கும் கங்காணி ஊருக்கு வருவார், தஞ்சாவூரிலோ சேலத்திலோ ஒரு குடும்பம் மூட்டை கட்டும். தங்கள் பயணம் அந்த எண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது என்பது அந்தக் குடும்பத்துக்கு எப்படித் தெரியும்?

1926 கடைசியில் விலை இறங்க, கோட்டாவை மறுபடி 80, 70, 60 என்று குறைத்தார்கள். குறிவிலையையும் ஒரு ஷில்லிங் 9 பென்சாக உயர்த்தியிருந்தார்கள். பயன் இல்லை. மலாயா குறைத்ததைத் தீவுகள் நிரப்பின. 1928 பிப்ரவரியில் திட்டத்தை மறுபரிசீலனை செய்கிறோம் என்று பிரிட்டிஷ் பிரதமர் பால்டுவின் சொன்னதுமே விலை சரியத் தொடங்கியது. ஏப்ரல் 4ஆம் தேதி, வரும் நவம்பர் 1 முதல் கட்டுப்பாடு முழுவதும் நீங்கும் என்று அறிவித்தார். சில வாரங்களுக்குள் விலை ஏறத்தாழ பாதியானது. சரக்கைக் கையில் வைத்திருந்த சிங்கப்பூர் வணிகர்களுக்கு அது பெரிய அடி.

கூட்டிக் கழித்துப் பார்த்தால், 1922இல் உலக ரப்பரில் 70 சதவீதத்துக்கு மேல் கொடுத்த பிரிட்டிஷ் நாடுகள், 1927இல் பாதிக்குச் சற்று மேல் வந்து நின்றன. டச்சுத் தீவுகளின் பங்கு கால்பங்கிலிருந்து 40 சதவீதத்தை நெருங்கியது. துறைமுகத்தின் கண்ணால் பார்த்தால் இதில் நட்டம் தெரியாது. மலாயாவின் கண்ணால் பார்த்தால் பெரிய நட்டம். துறைமுகமும் அதன் பின்நிலமும் ஒரே கொடியின்கீழ் இருந்தும், இரண்டின் நலனும் ஒன்றாக இல்லை. காலனித் துறைமுகங்களைப் பற்றிப் பேசும்போது நாம் அடிக்கடி தவறவிடுவது இதைத்தான்.

பால்மரம் நட்டால் வெட்டுக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். இந்த ஒரு விஷயத்தை ஸ்டீவன்சன் குழு போதிய அளவு யோசிக்கவில்லை என்பது என் கருத்து. 1925 விலையைப் பார்த்து நட்ட மரங்கள் 1930 முதல் 1932க்குள் பால் கொடுக்க ஆரம்பித்தன. அதாவது உலகப் பெருமந்தத்தின் நட்டநடுவில். கார் விற்பனை விழுந்துவிட்டது, பாலோ பெருகி வழிகிறது. 1932 நடுவில் லண்டனில் ராத்தல் ரப்பர் 2 பென்சுக்கும் கீழே. 1910இல் 12 ஷில்லிங், அதாவது 144 பென்ஸ், போன சரக்கு. குடியானவர் விலை குறைந்ததற்காக வெட்டுவதை நிறுத்தவில்லை. அரிசியும் உப்பும் வாங்கப் பணம் வேண்டுமே, அதனால் இன்னும் அதிகமாக வெட்டினார். சம்பளம் கொடுத்து வேலை வாங்கும் தோட்டங்கள்தான் தாக்குப்பிடிக்க முடியாமல் நின்றன.

தோட்டம் நின்றால் ஆள் வெளியே. 1930 ஆகஸ்டில் கங்காணி வழியாக ஆள் சேர்ப்பதைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். 1930 முதல் 1932 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர்களை, இந்தியக் குடிவரவு நிதியின் செலவில், வந்த கப்பல் வழியே திருப்பி அனுப்பினார்கள். இருந்தவர்களுக்குக் கூலி வெட்டு. ஆணுக்கு நாளுக்கு 50 சென்ட் என்றிருந்த கூலி 40 ஆகி, 1932இல் பல தோட்டங்களில் 30 சென்டுக்கும் கீழே போனது. ஊரில் நிலம் இல்லாமல் போனவர்கள் நிலம் இல்லாத ஊருக்கே திரும்பினார்கள். இதற்கெல்லாம் காரணம் ஸ்டீவன்சன் திட்டம் மட்டுமே என்று சொன்னால் அது மிகை. பெருமந்தம் எப்படியும் வந்திருக்கும். ஆனால் அந்த மந்தத்தில் சந்தை மேல் வந்து விழுந்த பாலில் ஒரு பெரும்பங்கு, கட்டுப்பாடு தூண்டிவிட்டு நட்ட மரங்களிலிருந்து வந்தது.

கட்டுப்பாடு என்றாலே தோற்கும் என்று நினைத்துவிடக் கூடாது. அதே துறைமுகத்தில் 1903இல் நடந்தது வேறு கதை. மலாயா வெள்ளீய மண்ணை அப்படியே வாங்கிப்போய் அமெரிக்காவில் நியூஜெர்சியில் உருக்க ஒரு கம்பெனி கிளம்பியது. அப்படி நடந்தால் சிங்கப்பூரின் புலாவ் பிரானி என்ற சிறு தீவில் 1890 முதல் இயங்கிவந்த ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் கம்பெனியின் உருக்காலை படுத்துவிடும். மலாய் மாநிலங்களின் அரசு, நீரிணைக் குடியேற்றங்களில் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா) உருக்குவதற்காக இல்லாமல் வேறெங்காவது ஈயமண் போனால் தாங்க முடியாத வரி என்று போட்டது. அமெரிக்கத் திட்டம் கைவிடப்பட்டது. சிங்கப்பூரும் பினாங்கும் பல பத்தாண்டுகளுக்கு உலகின் முக்கிய ஈய உருக்கு மையங்களாக நின்றன. ஏன் அங்கே பலித்தது? அப்போது உலக வெள்ளீயத்தில் பாதிக்கு மேல் மலாயாவிலிருந்து வந்தது. ஈயத்தை யாரும் கன்றாக ஊன்றி ஏழு ஆண்டில் வளர்த்துவிட முடியாது. அந்தத் தடை சரக்கைக் குறைக்கவும் இல்லை, துறைமுகத்தின் வழியாகவே போகச் செய்தது. ரப்பருக்குப் போட்டது நேரெதிர்.

1934இல் மறுபடி முயன்றார்கள். மே 7ஆம் தேதி கையெழுத்தான சர்வதேச ரப்பர் ஒப்பந்தம் ஜூன் 1 முதல் அமலானது. இந்த முறை டச்சுக்காரர்கள், பிரெஞ்சு இந்தோசீனா, சயாம் எல்லோரும் உள்ளே. ஓட்டை அடைபட்டது, விலையும் மெல்ல எழுந்தது. ஆனால் முதல் திட்டத்தில் சிங்கப்பூரைத் தாங்கிய தீவு ரப்பரும் இப்போது பூட்டுக்குள் வந்துவிட்டது. குடியானவர்களைக் கணக்கெடுக்க முடியாத டச்சு அரசு, அவர்கள் ரப்பருக்குத் தனி ஏற்றுமதி வரி போட்டுக் குறைத்தது. சில காலம், விலையில் பெரும்பகுதியை வரியே தின்றது. 1937இல்தான் ஆளுக்கு ஆள் கோட்டா வந்தது. சிங்கப்பூர் ஆலைகளுக்கு ஈரப் பாளம் முன்போல் தாராளமாக வரவில்லை. மலாயாவில் புதிதாகப் பால்மரம் நடத் தடை. பழைய மரத்தை வெட்டி மறுநடவு செய்ய அனுமதி இருந்தது, ஆனால் ஏழு ஆண்டு வருமானமில்லாமல் காத்திருக்கப் பெரிய தோட்டத்தால் முடியும், மூன்று ஏக்கர்காரரால் முடியாது. 1933இல் மலாயா உற்பத்தியில் பாதியை நெருங்கியிருந்த சிறு விவசாயிகளின் பங்கு, 1930களின் கடைசியில் 40 சதவீதத்துக்கும் கீழே போனது.

1937இல் நிலைமை கொஞ்சம் தேறி, கூலி மறுபடி 50 சென்டுக்கு வந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் இன்னொரு சரிவு. கோட்டாவைப் பாதிக்கும் கீழே, 45 சதவீதத்துக்கு இறக்கினார்கள். 1938 மே மாதம் தோட்ட முதலாளிகள் கூலியை 45 சென்டாகக் குறைத்தார்கள். இந்திய அரசு எதிர்த்தது. அவர்கள் கேட்கவில்லை. ஜூன் மாதம் இந்திய அரசு, உதவி பெற்று மலாயா செல்லும் தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்தது. கங்காணி வந்து ஆள் சேர்த்து, நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற்றும் வழக்கம் அந்த ஆண்டோடு நின்றுபோனது.